வைரஸ் தொற்றுக்குப் பின் இரத்த நாளங்கள்: அந்தமானில் நாட்பட்ட நுரையீரல் நோயாளிகள் அறிய வேண்டியவை

ஸ்ரீ விஜயபுரம்: நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள ஒருவருக்கு ஃப்ளூ, கொரோனா போன்ற வைரஸ் தொற்று ஏற்பட்டால் குடும்பத்தாரின் கவனம் முழுவதும் அவரது மூச்சின் மீதே இருக்கும். இருமல் குறைந்ததா, சளி வெளியேறியதா, நெபுலைசர் வைத்தபின் இழுப்பு அடங்கியதா என்றே விசாரிப்பார்கள். அதே நாட்களில் அந்த நோயாளியின் இரத்த நாளங்களும் தாக்குதலுக்கு உள்ளாகின்றன. தொற்றைத் தொடர்ந்த முதல் வாரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு பல மடங்கு உயர்வதைக் கடந்த 20 ஆண்டுகளில் வெளியான பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

மாரடைப்புக்கான சிகிச்சையில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வருகிறது. மேல்சிகிச்சைக்குக் கப்பலையும் ஹெலிகாப்டரையும் விமானத்தையும் நம்பியிருக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளில், ஆபத்து எந்த நாட்களில் வரும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது சென்னையிலோ கொல்கத்தாவிலோ இருப்பவருக்கு உதவுவதைவிடக் கூடுதலாக உதவும்.

எது இந்த நோய்?

மருத்துவர்கள் சிஓபிடி என்று சுருக்கமாகக் கூறும் இந்நோயை நோயாளிகள் பெரும்பாலும் ‘வீசிங்’ என்றோ ‘ஆஸ்துமா’ என்றோ குறிப்பிடுகின்றனர். ஆஸ்துமாவில் சுருங்கிய மூச்சுக்குழல்கள் மருந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கு விரிந்துவிடும். சிஓபிடியில் அவை முழுமையாக மீள்வதில்லை. நுரையீரலின் காற்றுப் பைகளைப் பிரிக்கும் மெல்லிய சுவர்களும் சிதைகின்றன. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையே இதை உறுதி செய்யும் வழி.

இந்தியாவில் சிஓபிடி நோயாளிகளின் எண்ணிக்கை 1990ஆம் ஆண்டில் 2.81 கோடியாக இருந்தது, 2016இல் 5.53 கோடியாக உயர்ந்தது. மாநில வாரியான நோய்ச்சுமை குறித்த ஆய்வு 2018ஆம் ஆண்டு ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியானபோது இக்கணக்கு தெரியவந்தது. உலக மக்கள்தொகையில் 18 விழுக்காட்டினர் வாழும் இந்தியா, நாட்பட்ட சுவாச நோய்களால் உலகில் ஏற்படும் இழப்பில் 32 விழுக்காட்டைச் சுமக்கிறது என்றும் அந்த ஆய்வு கூறியது.

கடற்காற்று வீசும் தீவுகளில் நுரையீரல் நோய் எப்படி வரும் என்ற கேள்வி எழலாம். பெரும் தொழிற்சாலைகளின் புகை இங்கு இல்லை என்பது உண்மைதான். வீட்டுக்குள் இருக்கும் புகையின் கதை வேறு. 2019–21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட 5ஆவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இத்தீவுகளில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோரும் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரும் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். இதில் மெல்லும் புகையிலையும் அடங்கும். மெல்லும் புகையிலை நுரையீரலைக் கெடுக்காவிட்டாலும் இரத்த நாளங்களை விட்டுவைப்பதில்லை. விறகடுப்பின் புகை, கொப்பரைத் தேங்காய் உலர்த்தும் கொட்டகைகளின் புகை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொசுவர்த்திச் சுருளும் எளிதாகக் கடந்து செல்லக்கூடியது அன்று. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டில் பாதிக்கு மேல் மழை பெய்யும் ஊரில், சன்னலைச் சாத்திவிட்டுச் சுருளைக் கொளுத்தி உறங்குவோரின் நிலையை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

நுரையீரல் நோயாளியின் நாளங்கள்

தமிழில் ‘நாளம்’ என்ற சொல்லுக்கு உள்ளே துளையுடைய தண்டு என்று பொருள். தாமரைத் தண்டையும் அச்சொல் குறிக்கும். இரத்தம் ஓடும் குழாய்க்கு அது பொருத்தமான பெயர்தான் என்றாலும், இன்றைய மருத்துவம் அக்கறை கொள்வது துளையைவிடத் துளையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் ஒற்றை அடுக்கு உயிரணுப் படலத்தின் மீதே. எண்டோதீலியம் எனப்படும் அந்த உட்படலம் நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருட்களைச் சுரந்து, நாளம் எப்போது விரிய வேண்டும், எப்போது சுருங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இரத்தத் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமலும் தேவையின்றி இரத்தம் உறையாமலும் பார்த்துக்கொள்வதும் அதன் பணி.

சிஓபிடி நோயாளிகளிடம் இந்தப் படலம் வைரஸ் வருவதற்கு முன்பே நலிந்திருக்கிறது. புகையிலையும் புகையும் அதை நேரடியாகச் சேதப்படுத்துகின்றன. நுரையீரலில் ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியின் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் செல்கிறது. ஆக்சிஜன் குறைவும் தன் பங்குக்குக் கெடுதல் செய்கிறது. இவற்றின் விளைவாகப் பெருந்தமனி நெகிழ்வை இழந்து விறைப்படைகிறது.

விறைப்பை அளக்க ஓர் எளிய வழி உண்டு. இதயம் துடிக்கும்போது எழும் அழுத்த அலை கழுத்திலிருந்து தொடை வரை எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்று பார்ப்பார்கள். நெகிழ்வான குழாயில் அலை மெதுவாகவும் விறைத்த குழாயில் வேகமாகவும் செல்லும். நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் சென்றால் தமனி பாதிக்கப்பட்டுள்ளது என்று ஐரோப்பிய உயர் இரத்த அழுத்த வழிகாட்டுதல்கள் கொள்கின்றன. ஒரே வயதுடைய மற்றவர்களைவிடச் சிஓபிடி நோயாளிகளிடம் இந்த வேகம் அதிகம் என்பதை பிரிட்டனின் கார்டிஃப் நகர ஆய்வாளர்கள் 2007இல் எடுத்துக்காட்டினர்.

நுரையீரலுக்கு உள்ளேயும் சிக்கல் உண்டு. காற்றுப் பைகளின் சுவர் சிதையும்போது அச்சுவரில் ஓடிய நுண்நாளங்களும் அழிகின்றன. ஆக்சிஜன் குறைந்த பகுதிகளில் எஞ்சிய நாளங்கள் சுருங்குகின்றன. குறைந்த வழியில் அதே அளவு இரத்தத்தைத் தள்ள வேண்டியிருப்பதால் இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகிறது. மாலையில் கணுக்கால் வீங்குவது பல நோயாளிகளிடம் இதன் முதல் அறிகுறி.

சிஓபிடி நோயாளிகள் மூச்சுத்திணறலால்தான் இறக்கின்றனர் என்ற பொதுவான எண்ணம் முழு உண்மை அன்று. ‘டார்ச்’ என்ற பன்னாட்டு மருந்து ஆய்வில் நேர்ந்த 911 இறப்புகளை ஒரு தனிக்குழு ஒவ்வொன்றாகப் பரிசீலித்தது. 35 விழுக்காட்டு இறப்புகளுக்கு நுரையீரலும் 27 விழுக்காட்டு இறப்புகளுக்கு இதயமும் இரத்த நாளங்களும் காரணமாக இருந்தன.

வைரஸ் என்ன செய்கிறது?

ஏற்கெனவே நலிந்த இந்த நாளங்களின் மீதுதான் வைரஸ் தொற்று வந்து விழுகிறது. கிருமியை எதிர்க்க உடல் வெளியிடும் இன்டர்லூகின்–6 போன்ற வேதிப்பொருட்கள் நுரையீரலோடு நிற்பதில்லை. கல்லீரல் இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜனைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. தட்டணுக்கள் ஒட்டும் தன்மை பெறுகின்றன. உட்படலம் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. இதயத் தமனியில் பல ஆண்டுகளாக அசையாமல் கிடந்த கொழுப்புப் படிவின் மேல்மூடி இந்த அழற்சியில் கிழிந்தால், அந்த இடத்தில் இரத்தம் உறைந்து தமனி அடைபடும். இது ஒரு வகை மாரடைப்பு.

மற்றொரு வகையில் அடைப்பே தேவையில்லை. காய்ச்சலால் இதயம் வேகமாகத் துடிக்கிறது. அதற்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். நுரையீரலோ வழக்கமான அளவைக்கூடத் தர இயலாத நிலையில் இருக்கிறது. தேவைக்கும் வரவுக்கும் இடையிலான இந்த இடைவெளியில் இதயத்தசை சேதமடைகிறது. சிஓபிடி நோயாளிகளிடம் இரண்டு வகைகளும் ஏற்படுகின்றன.

கொரோனா இந்தச் செயல்முறையைப் பெரிதாக்கிக் காட்டியது. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மருத்துவர்கள் 2020 ஏப்ரலில் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட குறுங்கட்டுரை, பல உறுப்புகளின் நாள உட்படலத்தில் அழற்சி காணப்பட்டதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், கொரோனாவால் இறந்தோரின் நுரையீரல் நுண்நாளங்களில் காணப்பட்ட இரத்த உறைகட்டிகள், ஃப்ளூவால் இறந்தோரிடம் இருந்ததைவிட 9 மடங்கு அதிகம் எனத் தெரிந்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களில் கொரோனா தொற்றிய 1,53,760 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து, 2022இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியிடப்பட்ட ஆய்வு, தொற்றாதவர்களைவிட இவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு ஆகிய மூன்றுமே கூடுதலாக நேர்ந்ததைக் கண்டது.

16 நாடுகளில் ஏறத்தாழ 2,400 பேரிடம் நடத்தப்பட்டு 2025 ஆகஸ்டில் ‘யூரோப்பியன் ஹார்ட் ஜர்னல்’ இதழில் வெளியான ‘கார்ட்டீசியன்’ ஆய்வு, மேலே கூறிய நாடி அலை வேகத்தையே அளந்தது. தொற்றுக்கு ஆறு மாதங்கள் கழித்தும் தமனிகள் விறைத்தே இருந்தன. பெண்களிடம் இந்த மாற்றம் தெளிவாகத் தென்பட்டது. இலேசான கொரோனா வந்து சென்ற பெண்களின் நாளங்களுக்குக்கூட ஏறத்தாழ 5 வயது கூடியது போன்ற நிலை காணப்பட்டதாக ஆய்வாளர்கள் விளக்கினர். ஓராண்டு முடிவில் விறைப்பு மேலும் கூடாமல் நின்றது அல்லது சற்றே குறைந்தது என்பது ஆறுதல்.

எந்த நாட்கள் ஆபத்தானவை?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆய்வகச் சோதனையால் ஃப்ளூ உறுதி செய்யப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு 2018 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. அதன்படி, முதல் 7 நாட்களில் மாரடைப்பால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு ஏனைய நாட்களைவிட 6 மடங்கு அதிகம். ஆர்எஸ்வி எனப்படும் மற்றொரு சுவாச வைரஸுக்கு இது மூன்றரை மடங்கு. 7 நாட்களுக்குப் பின் இந்த உயர்வு தென்படவில்லை. பிரிட்டனில் நடந்து 2004ஆம் ஆண்டு வெளியான முந்தைய ஆய்வும், சுவாசத் தொற்றின் முதல் 3 நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கும் பக்கவாத வாய்ப்பு 3 மடங்கும் உயர்வதாகக் கூறியிருந்தது.

மேற்கண்டவை பொதுமக்களைப் பற்றியவை. சிஓபிடி நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆபத்துக் காலம் நீள்கிறது. 2018இல் வெளியான ‘சம்மிட்’ ஆய்வின் பகுப்பாய்வில், இதய நோய்க்கான வாய்ப்பும் சேர்ந்திருந்த 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிஓபிடி நோயாளிகள் இடம்பெற்றனர். நோய் திடீரெனத் தீவிரமடைந்த பின்னர் முதல் 30 நாட்களில் இதய, நாள நிகழ்வுகளுக்கான வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்காக இருந்தது. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குத் தீவிரமடைந்தவர்களுக்கு அது ஏறத்தாழ 10 மடங்கு. சிஓபிடி தீவிரமடைவதற்கு வைரஸ் தொற்று முதன்மையான காரணங்களுள் ஒன்று. இலண்டனில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, நோய் தீவிரமடையும் நாட்களில் பெருந்தமனியின் நாடி அலை வேகம் சராசரியாக நொடிக்கு 1.2 மீட்டர் உயர்வதையும், மூச்சுக்குழலில் தொற்று இருந்தவர்களிடம் அது இன்னும் கூடுதலாக இருப்பதையும் அளந்து காட்டியது.

ஆகவே காய்ச்சல் விட்டுவிட்டது, இருமலும் குறைந்துவிட்டது என்று நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கும் இரண்டாம், மூன்றாம் வாரங்களும் கண்காணிப்புக்கு உரியவையே.

வலி ஊசியில் ஒரு கவலை

காய்ச்சலோடு உடல்வலி என்றதும் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்வது தமிழ்நாட்டில் போலவே தீவுகளிலும் பரவலான பழக்கம். தைவானில் மாரடைப்பால் அனுமதிக்கப்பட்ட 9,793 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இப்பழக்கத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. சுவாசத் தொற்று மட்டும் இருந்தபோது மாரடைப்பு வாய்ப்பு 2.7 மடங்காக இருந்தது. தொற்றின்போது டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை வலிநிவாரணிகளை உட்கொண்டவர்களிடம் 3.4 மடங்காகவும், அவற்றை ஊசியாகப் பெற்றவர்களிடம் 7 மடங்குக்கு மேலாகவும் உயர்ந்தது. இத்தகைய ஆய்வு மருந்துதான் காரணம் என்று அறுதியிட்டு நிறுவுவதில்லை. இருந்தபோதிலும், பாராசிட்டமால் எங்கும் கிடைக்கும் நிலையில் இதய நோய் வாய்ப்புள்ள ஒருவர் அந்த ஊசியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன என்பதை யோசிக்கலாம்.

ஸ்டீராய்டு மாத்திரையும் இதே வரிசையில் வரும். சிஓபிடி தீவிரமடையும்போது அது பயன் தருகிறது; 5 நாட்கள் போதும் என்பதை சுவிட்சர்லாந்தில் நடந்து 2013இல் வெளியான ‘ரெட்யூஸ்’ ஆய்வு 14 நாட்களோடு ஒப்பிட்டுக் காட்டியுள்ளது. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி உண்டால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உயர்ந்து, நாளங்களே விலை கொடுக்க நேரிடும்.

மூச்சுத்திணறல் என்னும் ஒரே முகம்

நோயறிவதில் உள்ள இடர்ப்பாடு இதுதான்: நுரையீரல் தீவிரமடைந்தாலும், மாரடைப்பு வந்தாலும், நுரையீரல் தமனியில் உறைகட்டி அடைத்தாலும் சிஓபிடி நோயாளி சொல்வது ஒன்றே. “மூச்சு வாங்குகிறது.” முதியவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் நெஞ்சுவலி இல்லாமலேயே மாரடைப்பு வரக்கூடும். வழக்கமான வீசிங் என்று கருதி நெபுலைசர் மட்டும் வைத்து வீட்டுக்கு அனுப்பப்படும் வாய்ப்பு இதனால் அதிகம்.

பிரான்ஸ் நாட்டின் 7 மருத்துவமனைகளில், மூச்சுத்திணறல் கூடியதற்காக அனுமதிக்கப்பட்ட 740 சிஓபிடி நோயாளிகள் அனைவருக்கும் உறைகட்டிக்கான சோதனை செய்யப்பட்டது. 44 பேருக்கு, அதாவது 5.9 விழுக்காட்டினருக்கு, நுரையீரல் தமனியில் உறைகட்டி இருந்தது. 2021இல் ‘ஜாமா’ இதழில் இம்முடிவு வெளியானது. ஏறத்தாழ 17 பேரில் ஒருவர் என்பது புறக்கணிக்கத்தக்க எண் அன்று.

இன்ஹேலரையோ நெபுலைசரையோ வழக்கம்போல் பயன்படுத்தியும் அடங்காத திணறல், இழுப்பு ஓசை இல்லாமல் வரும் திணறல், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் இறுக்கம், குளிர்ந்த வியர்வை, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மயக்கம், இருமலில் இரத்தம், முகம் ஒருபுறம் கோணுவது, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கு முதலில் கேட்க வேண்டியது இசிஜி. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சில நிமிடங்களில் எடுத்துவிடக்கூடிய சோதனை இது. இதயத்தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தச் சோதனை வசதி உள்ள இடங்களில் அடுத்த படி.

தீவுகளின் கணக்கு

வைரஸ் கப்பலேறி வரும் என்பது இத்தீவுகளுக்குப் புதிய செய்தி அன்று. 1877இல் பரவிய தட்டம்மை கிரேட் அந்தமானியப் பழங்குடியினரைப் பெருமளவில் அழித்தது. 1901 கணக்கெடுப்பில் 625 ஆக இருந்த அவர்களின் எண்ணிக்கை 1961இல் 19 ஆகச் சுருங்கியது. கொரோனா இங்கு முதன்முதலில் உறுதி செய்யப்பட்டது 2020 மார்ச் 26 அன்று. அதே ஆண்டு ஆகஸ்டில் கிரேட் அந்தமானியர் 10 பேருக்குத் தொற்று கண்டறியப்பட்டு, அவர்கள் குணமடைந்தனர். பெருந்தொற்றுக் காலம் முழுவதிலும் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு 129 பேர் உயிரிழந்ததாக யூனியன் பிரதேச நிர்வாகத்தின் பதிவுகள் கூறுகின்றன. தொற்று நீங்கிச் சில வாரங்கள் கழித்து நேரும் மாரடைப்போ பக்கவாதமோ இத்தகைய கணக்கில் இடம்பெறுவதில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

2011 கணக்கெடுப்பின்படி 3.8 இலட்சம் பேர் முப்பதுக்கும் மேற்பட்ட தீவுகளில் சிதறி வாழ்கின்றனர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் அவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு. தலைநகரின் ஜி.பி. பந்த் மருத்துவமனையே, 2015இல் தொடங்கப்பட்ட அந்தமான் நிக்கோபார் மருத்துவ அறிவியல் கழகத்தின் போதனா மருத்துவமனையாகவும் இயங்குகிறது. மாயாபந்தரிலும் கார் நிக்கோபாரிலும் மருத்துவமனைகள் உள்ளன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட கச்சால், முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியேறிய கிரேட் நிக்கோபாரின் காம்ப்பெல் பே போன்ற இடங்களில் இருப்பவர்களுக்குத் தலைநகரம் என்பதே நெடுந்தொலைவு. காம்ப்பெல் பேயிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் 500 கிலோமீட்டருக்கும் மேல். அங்கிருந்து சென்னை 1,350 கிலோமீட்டருக்கும் மேல். கப்பலில் 3 நாட்கள். பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல்கள் நிற்கும். மேகம் தாழ்ந்தால் ஹெலிகாப்டர் எழும்பாது. சுவாசத் தொற்றுகள் பெருகுவதும் பெரும்பாலும் அந்த மழைக்காலத்தில்தான்.

தொலைவைக் குறைக்கும் முயற்சிகள் பழையவை. 2002 ஜூலையில் இஸ்ரோவின் இன்சாட் செயற்கைக்கோள் வழியாக ஜி.பி. பந்த் மருத்துவமனை சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியுடன் இணைக்கப்பட்டது. நாட்டின் தொலைமருத்துவ வரலாற்றில் தொடக்க கால முயற்சிகளுள் அது ஒன்று. 2020 ஆகஸ்ட் 10 அன்று, பெருந்தொற்றின் நடுவே, சென்னையிலிருந்து தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லிட்டில் அந்தமான், ரங்கத் ஆகியவையும் அதில் இணைந்துள்ளன.

இசிஜி ஒரு படம்தான். வடத்தின் வழியே அது சில நொடிகளில் சென்னைக்குப் போய்விடும். படத்தைப் பார்ப்பவர் மறுமுனையில் காத்திருக்கும்படி ஏற்பாடு செய்வதுதான் கடினமான பகுதி. அதற்கான முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே உண்டு. சிறு மருத்துவமனைகளில் எடுக்கப்படும் இசிஜியைப் பெரிய இதய மையத்துக்கு அனுப்பி, உறைகட்டியைக் கரைக்கும் மருந்தை அங்கேயே செலுத்திவிட்டு, பின்னர் நோயாளியை மாற்றும் திட்டம் 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் பரிசோதிக்கப்பட்டது. 2017இல் வெளியான அதன் முடிவின்படி, ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. நோயாளியை நகர்த்தும் முன்பே சிகிச்சையைத் தொடங்கும் இம்முறை, கடல் குறுக்கிடும் ஊர்களுக்கு இன்னும் பொருத்தமானது என்றே தோன்றுகிறது.

வழியில் தரப்படும் ஆக்சிஜனுக்கும் ஓர் அளவு உண்டு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் 405 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2010இல் வெளியானது. ஆக்சிஜனை அதிவேகத்தில் செலுத்துவதற்குப் பதிலாக, பல்ஸ் ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 வரை காட்டும் அளவுக்கு மட்டும் தந்தபோது இறப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. சிஓபிடி நோயாளிக்கு 99 காட்ட வேண்டும் என்று உறவினர்கள் வற்புறுத்துவது அவருக்கே தீங்காகலாம்.

விமானப் பயணம் தனியே கவனிக்கத்தக்கது. விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்கு இணையாகக் குறையக்கூடும். தரையில் 21 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிப்பவருக்கு அங்கே 15 விழுக்காடு உள்ள காற்றைச் சுவாசிப்பது போன்ற நிலை ஏற்படும். தொற்றிலிருந்து அண்மையில் மீண்ட சிஓபிடி நோயாளி சென்னைக்குச் செல்லும் முன், பயணத்தில் ஆக்சிஜன் தேவைப்படுமா என்று மருத்துவரிடம் கேட்டு, விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை முன்னதாகவே அளித்துவிடுவது நல்லது. பயணத்தில் கால்களை அசைத்துக்கொண்டிருப்பதும், இயன்றால் எழுந்து நடப்பதும் உறைகட்டி வாய்ப்பைக் குறைக்கும்.

முன்னரே செய்யக்கூடியவை

சிஓபிடி குறித்த உலகளாவிய ‘கோல்ட்’ அறிக்கை தனது 2025 பதிப்பில் இதய, நாள ஆபத்துக்கெனத் தனிப் பகுதியைச் சேர்த்துள்ளது. நோயாளிகள் ஃப்ளூ, நிமோகாக்கல், கொரோனா, ஆர்எஸ்வி உள்ளிட்ட தடுப்பூசிகளைப் பெற வேண்டும் என்றும் அது பரிந்துரைக்கிறது. ஃப்ளூ தடுப்பூசி நாளங்களையும் காக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. மாரடைப்பு வந்தவர்கள் பெரும்பான்மையாக இருந்த 2,571 இதய நோயாளிகளிடம், வங்கதேசம் உட்பட 8 நாடுகளில் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ‘ஐயாமி’ ஆய்வில், ஊசி பெற்றவர்களில் 5.3 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 7.2 விழுக்காட்டினரும் ஓராண்டுக்குள் இறப்பு, மீண்டும் மாரடைப்பு போன்ற நிகழ்வுகளுக்கு உள்ளாயினர்.

இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் பெரியவர்களுக்கான ஃப்ளூ ஊசி இல்லை. பெரும்பாலோர் சொந்தச் செலவில்தான் போட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. ஆண்டுதோறும் போட வேண்டியது இது. நாட்டின் பெரும்பகுதியில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடும், சென்னையில் அக்டோபர், நவம்பரிலும் பெருகுகிறது. தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடுவது அந்தமானைத்தான். அதுவும் மே மாத நடுப்பகுதியை ஒட்டி. ஊசி பயன் தரத் தொடங்க இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், ஏப்ரலிலேயே மருத்துவரைக் கலந்து முடிவு செய்வது தாமதமாகாது.

மாத்திரையால் குறுக்குவழி தேடிய ஆய்வுகள் ஏமாற்றம் அளித்தன. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், இதயத் துடிப்பைத் தணிக்கும் மெட்டோப்ரோலால் ஆகியவற்றை, வேறு காரணமின்றி சிஓபிடிக்காக மட்டும் தந்தபோது நோய் தீவிரமடைவது குறையவில்லை. அதே வேளையில், இதய நோய்க்காகவோ கொழுப்புக்காகவோ மருத்துவர் எழுதிய மருந்தை ‘வீசிங்குக்கு ஆகாது’ என்று கேள்விப்பட்டுத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. தொற்று நாட்களில் அதை விடாமல் தொடர்வதே முக்கியம். கடைசிக் கப்பல் வரும் நாளைக் கணக்கிட்டு ஒரு மாத மருந்தையும் இன்ஹேலரையும் கூடுதலாக வைத்திருப்பது தொலைதூரத் தீவுகளில் இருப்போருக்கு அவசியம்.

புகையிலையை விடுவதும், விறகடுப்பையும் கொசுவர்த்தியையும் மாற்றுவதும் நாளங்களுக்கும் நுரையீரலுக்கும் ஒருசேரப் பயன் தருபவை. கொசுவலை மலேரியாவையும் தடுக்கும், புகையையும் தவிர்க்கும். தொற்றிலிருந்து மீண்டவர்கள், மருத்துவர் ஒப்புதலுடன், நாள்தோறும் சிறிது சிறிதாக நடையைக் கூட்ட வேண்டும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் முதல் மாதத்திலேயே ஒருமுறையேனும் பார்க்கப்பட வேண்டும்.

இன்னொரு சிறு ஏற்பாடு செலவில்லாதது. சிஓபிடி நோயாளிகளின் இசிஜி சாதாரண நாளிலேயே சற்று மாறுபட்டிருப்பது வழக்கம். நலமாக இருக்கும்போது எடுத்த ஒரு பழைய இசிஜியின் படம் கைபேசியில் இருந்தால், நள்ளிரவில் வேறொரு தீவின் மருத்துவர் புதியதோடு அதை ஒப்பிட்டு, எது புதிய மாற்றம் என்பதை விரைவில் கூற முடியும். மருந்துச் சீட்டு, வழக்கமான ஆக்சிமீட்டர் அளவு ஆகியவற்றின் படங்களையும் அதோடு சேர்த்து வைத்து, வீட்டில் மற்றொருவரின் கைபேசிக்கும் அனுப்பி வைக்கலாம்.